வட்டம் போடாத இடமெல்லாம் சரி

காயல்பட்டினம்
21.01.2025

அமலன் அவர்களுக்கு,

ருஷ்தா எழுதுகிறேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். மெயிலுக்கும் பதில் இல்லை. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதப்போகிறேன். சண்டைக்காக அல்ல. பதினான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். விடை தப்பாக வந்தால் எந்தப் படியில் தப்பினோம் என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் பெண்கள் வாசகசாலைக்கு ஒரு படக்கதை. ஒரு சிறுமி நோன்புக் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு எங்கள் முடுக்கின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை போகிறாள். இருபத்து நான்கு பக்கம். கதை என்னுடையது, படம் உங்களுடையது. வீடுகளின் பின்பக்கத்தை ஒட்டிப் போகும் அந்த முடுக்கில் நாங்கள் பெண்கள்தான் நடப்போம். வெளி ஆண்கள் நுழைவதில்லை, போட்டோ எடுப்பதும் இல்லை. ஆகவே நான் நடந்து, அடியை எண்ணி, எழுதி அனுப்புவேன். நீங்கள் படித்து வரைவீர்கள். நவம்பரில் இதற்குச் சம்மதித்தீர்கள். "நல்ல விளையாட்டா இருக்கே லாத்தா" என்றுகூடச் சொன்னீர்கள்.

பன்னிரண்டு பக்கம் அனுப்பினீர்கள். பார்த்தேன், பதினொரு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். பதினெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு உங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது. ஆறு ஒன்பதுக்கு "வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு செய்தி. அப்புறம் பிளாக்.

அந்த வட்டங்களில் நான் எழுதியது என்ன? "கிணறு இடது பக்கம்." "இவ்வளவு அகலம் கிடையாது, எதிரே ஆள் வந்தால் ஒருத்தி ஒதுங்கித்தான் ஆகவேண்டும்." இந்த மாதிரிதான் எல்லாம். இதில் எந்தச் சொல் உங்களைச் சுட்டது?

எங்கள் செயலாளர் முத்து பீவி ஆரம்பத்திலேயே பெண் ஓவியர்தான் வேண்டும் என்றாள். நான்தான் உங்கள் படங்களைக் காட்டிச் சண்டை போட்டேன். இப்போது அவள் தினமும் "உங்க ஆர்ட்டிஸ்ட் என்ன சொல்றாரு?" என்று கேட்கிறாள். சிரித்துக்கொண்டே கேட்கிறாள், அதுதான் எரிச்சல். நோன்பின் முதல் வாரத்துக்குள் முப்பத்திரண்டு பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்க வேண்டும். முடியும் அல்லது முடியாது, ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ருஷ்தா


லூர்தம்மாள்புரம், தூத்துக்குடி
24.01.2025

மதிப்பிற்குரிய ருஷ்தா மேடம்,

ஒரு வார்த்தை கேட்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தையில் எதுவும் வராது, அதுவும் என் வியாதிகளில் ஒன்று.

பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றையும் நாலு தடவை, ஐந்து தடவை வரைந்தேன். மூன்றாம் பக்கத்தை ஏழு தடவை. சாப்பாட்டை மறந்து, பல் விளக்க மறந்து, அக்கா ஷெர்லின் மாடிக்கு வந்து திட்டிவிட்டுப் போன பிறகும் வரைந்தேன். திரும்பி வந்த கவரில் ஒரு நல்ல வார்த்தை உண்டா என்று முன்னும் பின்னும் புரட்டினேன். இல்லை. பதினொரு சிவப்பு வட்டம் மட்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்கிய மார்க்கும் பதினொன்றுதான், நூற்றுக்கு.

உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். எனக்கு ஏடிஹெச்டி இருக்கிறது. போன வருடம்தான் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்துச் சொன்னார்கள். மறதி, அவசரம், ஒன்றைப் பிடித்தால் உலகத்தையே விட்டுவிடுவது, இதெல்லாம் எனக்கே தெரிந்ததுதான். தெரியாத ஒன்றையும் சொன்னார்கள். யாராவது என் வேலையைச் சரியில்லை என்றால், சரியில்லை என்று நினைக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றினாலே போதும், காது கொதிக்கும், நெஞ்சைப் பிசையும், உடனே அந்த இடத்தை விட்டு ஓடத் தோன்றும். எல்லோருக்கும் கொஞ்சம் வரும், எனக்குப் பத்து மடங்கு வரும். ஒன்பது நிமிடம் என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை அது மிகவும் பொறுத்துப்போன நேரம்.

இந்த ஒரு வருடத்தில் நாலு பேரை இப்படி விட்டு ஓடியிருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் நான் சொல்லிவிடுவேன். நீங்கள் ஐந்தாவது. மச்சான் டேவிட்சன் ஹார்பர் பக்கம் கப்பல் சரக்குக்குக் கிளியரிங் பார்க்கும் ஒரு ஆபீசில் இருக்கிறான். எனக்கும் அங்கே ஒரு நாற்காலி பிடித்து வைத்திருக்கிறான், மார்ச் மூன்றாம் தேதி சேர வேண்டும். இந்தப் புத்தகமும் போனால் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அதன் பிறகு வரைய மாட்டேன் என்பது எனக்கே தெரியும். ரெண்டு வேலையை ஒன்றாக வைத்துக்கொள்ள என் மண்டையில் இடமில்லை.

ஆகவே முடியும் என்றே எழுதுகிறேன். இனிமேல் வட்டம் போடும் சிரமத்தை உங்களுக்குத் தரமாட்டேன். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன்.

அமலன்


காயல்பட்டினம்
28.01.2025

அமலன் தம்பிக்கு,

மேடம் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று மாதமாக அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிட்டவர் திடீரென்று மேடம் என்றால் எனக்கும் சுடும். அதற்கு வியாதி ஒன்றும் தேவையில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, 'தாங்க முடியாது என்றால் ஏன் ஒப்புக்கொண்டார்?' என்று. இரண்டாம் தடவை படிக்கும்போது என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் மூடிப் பைக்குள் திணித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வரை திறக்காத பிள்ளைகள். திமிர் என்றே நான் நினைத்திருந்தேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. தப்பான இடத்தில் மட்டும் வட்டம் போடுவேன். வட்டம் போடாத இடமெல்லாம் சரி. முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன், அவர்களுக்குத் தெரியும். உங்களிடம் நான் சொல்லவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் பதினொரு வட்டம் என்றால், மீதி அத்தனையும் சரி என்று நான் சொல்லியிருப்பதாகத்தான் என் நினைப்பு. அது உங்களுக்கு வந்து சேரவே இல்லை.

வாயால் பாராட்ட எனக்கு வராது. என் வீட்டுக்காரர் அம்மார் மச்சானிடம் கேளுங்கள், துபாயிலிருந்து அவர் வாங்கிவரும் எதையும் நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னதே இல்லையாம். இருந்தாலும் எழுதுகிறேன். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பிள்ளை கஞ்சி சூடு பொறுக்காமல் துப்பட்டா நுனியை மடித்துப் பிடித்திருக்கிறாளே, அதை நான் எழுதவில்லை. நீங்களாக வரைந்தது. எங்கள் முடுக்கில் எல்லோரும் அப்படித்தான் பிடிப்போம். அதைப் பார்த்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன்.

ஏதோ வழி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். என்ன வழி? பதில் போடுங்கள்.

ருஷ்தா லாத்தா


காயல்பட்டினம்
31.01.2025

அமலன் அவர்களுக்கு,

இதுதானா உங்கள் வழி?

நேற்று வியாழக்கிழமை பகல் பதினொன்றரைக்கு எங்கள் முடுக்குக்குள் நுழைந்திருக்கிறீர்கள். எட்டு நிமிடம் உள்ளே நின்றிருக்கிறீர்கள். கையில் நோட்டு வேறு. முத்து பீவி தலை குளித்துவிட்டுப் பின்வாசல் படியில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டு ஆண்களைத் தவிர இருபத்தைந்து வருடமாக அந்த முடியை வேறு ஆண் யாரும் பார்த்ததில்லை. நிமிர்ந்தால் எதிரே நீங்கள்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மாலையில் வந்து, "அந்த ஆளுக்கு வழி எப்படித் தெரிஞ்சுது ருஷ்தா? எத்தனை அடியில திரும்பணும்னு கூட தெரிஞ்சு வந்திருக்காரே" என்று மட்டும் கேட்டாள். நான் எழுதிய கடிதங்களை வைத்துக்கொண்டுதானே வந்தீர்கள்? என் எழுத்தே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. தெருவில் எவரையும் கேட்க வேண்டிய அவசியம்கூட உங்களுக்கு இல்லாமல் செய்துவிட்டேன்.

நேற்றிலிருந்து அங்கே யாரும் உட்காரவில்லை. பிள்ளைகளைக்கூடக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் எல்லோர் முன்னாலும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு இப்போது உங்கள் நோயைப் பற்றிக் கேட்க மனம் இல்லை.

ருஷ்தா


தூத்துக்குடி
03.02.2025

ருஷ்தா லாத்தாவுக்கு,

இது நாலாவது தாள். முதல் தாளில் உங்களைக் குறை சொல்லியிருந்தேன். இரண்டாவதில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதில் எல்லாவற்றையும் ஏடிஹெச்டி தலையில் கட்டியிருந்தேன். மூன்றையும் கிழித்துவிட்டேன். எதை எழுதினாலும் ஒரு இரவு வைத்திருந்து மறுநாள் அனுப்பு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். முதல் முறையாகக் கேட்டேன்.

உங்கள் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம், நான் காயலிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் மாடிப்படியில் கிடந்தது. துப்பட்டா, பால் பொங்கியது, எல்லாம். படித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் போயிருக்க மாட்டேன் என்று எழுதத்தான் கை வருகிறது. அது பொய். வந்திருந்தாலும் போயிருப்பேன். பாராட்டு வந்துவிட்டால், அடுத்த தடவை அது வராமல் போய்விடுமே என்று இன்னும் அதிகமாகப் பயப்படுகிற ஆள் நான்.

என் கணக்கு இதுதான். நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிழையே வராது. பிழை வராவிட்டால் வட்டம் வராது. அவ்வளவுதான் யோசித்தேன். அங்கே இருப்பவர்களை நினைக்கவே இல்லை. உள்ளே நுழைந்ததும் நீங்கள் எழுதியது அப்படியே இருந்தது லாத்தா. முப்பத்தாறாவது அடியில் இடது பக்கம் கிணறு. சந்தோஷத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. முத்து பீவி அம்மா "யாரு?" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தேன். தலையில் துணியை இழுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார்கள். கதவு மூடியது. பிறகு பக்கத்து வீட்டுக் கதவு. அதற்கடுத்தது. நான் திரும்பி நடக்க நடக்க ஒவ்வொன்றாக, பதினெட்டுக் கதவுகள். எண்ணினேன். அத்தனை பேரும் சேர்ந்து என்னை வேண்டாம் என்று சொன்னது போல இருந்தது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர் ஆத்தூர் தாண்டியதும், "ஏலே, யாரும் செத்துட்டாவளா?" என்று கேட்டார்.

முடுக்கில் இருப்பவர்களுக்கு மன்னிப்புக் கேட்டுத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். நோட்டில் அன்று கிறுக்கியதைக் கிழித்து உள்ளே வைத்திருக்கிறேன். என்னிடம் நகல் இல்லை.

போனில் பிளாக்கை எடுத்துவிட்டேன். இருந்தாலும் கடிதமே எழுதுங்கள். போனில் நீங்கள் டைப் செய்கிறீர்கள் என்று காட்டிவிட்டு நின்றுபோனால், அந்த இடைவெளியில் எனக்கு உயிர் போய்விடும்.

அமலன்


காயல்பட்டினம்
07.02.2025

அமலன்,

உங்கள் மன்னிப்புக் கடிதத்தை முடுக்கில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நோட்டுத் தாளை முத்து பீவி கையில் கொடுத்தேன். பார்க்காமலே அடுப்பில் போட்டாள்.

எனக்கு எழுதிய கடிதத்தில் கதவுகளைப் பற்றி எழுதியிருந்ததை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதினெட்டுக் கதவும் உங்களை வேண்டாம் என்று சொல்வதற்காக மூடவில்லை. நீங்கள் யார் என்றே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. பயந்தார்கள், மூடினார்கள். அவர்கள் இடத்துக்குள் நீங்கள் போய் நின்றுகொண்டு, அவர்கள் உங்களை நிராகரித்துவிட்டார்கள் என்று பஸ்ஸில் அழுதிருக்கிறீர்கள். அழுததைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அழ வேண்டியவர்கள் வேறு ஆட்கள். இதைக் கடுமையாக எழுதுகிறேன் என்று தெரியும். படித்துவிட்டு ஓடிவிடாதீர்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முத்து பீவி, "அவர் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்" என்றாள். நான் எடுத்துவைத்திருந்த பன்னிரண்டு பக்கத்தின் நகலையும் பாயில் பரப்பினேன். வேறு என்ன செய்ய? கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி குனிந்தாள். "எங்க வீட்டுக் கொடிக்கம்பி இவ்வளவு உயரத்துல கிடையாது" என்றாள். இன்னொருத்தி, "உங்க வீட்டுது சரியாத்தான் இருக்கு, எங்க வீட்டுதுதான் தப்பு" என்றாள். அரைமணி நேரத்தில் எங்கள் பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் படங்களைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முத்து பீவி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

கடைசியில் அவள்தான் முடிவு சொன்னாள். புத்தகம் வரட்டும். ஆனால் அன்றைக்கு நீங்கள் கண்ணால் பார்த்தது எதுவும் படத்தில் வரக்கூடாது. நான் எழுதியதை மட்டும் வைத்து வரைய வேண்டும். இருபத்து நான்கு பக்கமும் அவர்கள் எல்லோரும் பார்த்து வட்டம் போடுவார்கள், நான் மட்டும் அல்ல. அதைத் தாங்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும், பாதியில் விட்டால் என் பெயரும் சேர்ந்து போகும். இருபத்தெட்டாம் தேதி அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

உங்களுக்காக இரண்டாவது முறையாக ஜாமீன் நிற்கிறேன். மூன்றாவது முறை கிடையாது.

ருஷ்தா


தூத்துக்குடி
14.02.2025

லாத்தா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கதவு விஷயம் நீங்கள் சொன்னது சரி. சரி என்பதால் இன்னும் வலித்தது. மூன்றாவது நாள் இறங்கினேன்.

இறங்கியதிலிருந்து தூங்காமல் போட்டேன், இருபத்து நான்கு பக்கமும் இத்துடன். பார்த்ததை வரையாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நினைக்கவில்லை. ஒரு சுவரின் நிறம் எனக்குத் தெரியும், உங்கள் கடிதத்தில் இல்லை. வேறு நிறம் அடித்தேன். நான் அடித்தது தப்பு என்று தெரிந்துகொண்டே அடித்தேன். அதற்கு வட்டம் வந்தால் தயவுசெய்து சரியான நிறத்தை நீங்கள் எழுதுங்கள், அப்போது மாற்றுகிறேன்.

பதினான்கு பேர் பார்ப்பார்கள் என்பதை நினைக்காமல் இருக்க, போஸ்ட் ஆபீசில் கவரைக் கொடுத்துவிட்டு ரோச் பார்க் வரைக்கும் நடக்கப்போகிறேன். ஆபீசில் பதில் கேட்கிறார்கள் என்று டேவிட்சன் தினமும் மாடிக்கு வந்து நிற்கிறான். இருபதாம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டுமாம்.

அமலன்


காயல்பட்டினம்
18.02.2025

அமலன் தம்பிக்கு,

உள் கவரைத் திறக்கும் முன் சாப்பிட்டுவிடுங்கள். படங்களைத் தனிக் கவரில் போட்டு இதோடு உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் இந்தத் தாளைப் படியுங்கள்.

மொத்தம் அறுபத்து மூன்று வட்டம், போட்ட வரிசைப்படி நம்பர் எழுதியிருக்கிறேன். பயப்படாதீர்கள். ஆளுக்கொரு பேனா, ஒரே தப்புக்கு மூன்று பேர் போட்டதும் உண்டு. எல்லாம் திருத்திவிடக் கூடியவைதான். சுவரின் நிறத்தையும் எழுதியிருக்கிறார்கள். வட்டம் போடாத இடமெல்லாம் சரி, இதை மறக்காதீர்கள்.

பிரச்சினை பத்தொன்பதாம் பக்கம். அதில் வட்டம் இல்லை, குறுக்கே ஒரே கோடு. முத்து பீவி போட்டது. பின்வாசல் படி, அதில் சாம்பிராணிப் புகைக்கு மேல் முடி உலர்த்தக் கவிழ்த்த கூடை, பக்கத்தில் ஒரு மரச் சீப்பு. ஆள் யாரும் இல்லை. மற்ற எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தார்கள். எனக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் கூடையைப் பற்றி நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. என் பிரதிகளை எல்லாம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டேன்.

நீங்கள் பார்த்ததா, கற்பனையா? அவள் கேட்கச் சொன்னாள். கற்பனை என்று எழுதினால் நம்புவதற்கு மற்றவர்கள் தயாராக இருக்கிறார்கள். பார்த்தது என்றால் நிபந்தனையை மீறியிருக்கிறீர்கள், புத்தகத்தை நிறுத்த அவளுக்கு உரிமை உண்டு. நான் உங்களுக்காகப் பேச மாட்டேன் என்று சென்ற கடிதத்திலேயே எழுதிவிட்டேன்.

ருஷ்தா லாத்தா


தூத்துக்குடி
21.02.2025

ருஷ்தா லாத்தாவுக்கு,

பார்த்ததுதான்.

ஆளை எடுத்துவிட்டால் குற்றமில்லை என்று நினைத்தேன். கூடையும் சீப்பும் யார் வீட்டிலும் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற இருபத்து மூன்று பக்கமும் நீங்கள் சொன்னது, இந்த ஒன்று மட்டும் என்னுடையது என்று இருந்தது. நான் இதுவரை வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். கோட்டைப் பார்த்ததும் காது கொதித்தது. போனை எடுத்து "கற்பனைதான், நம்பாவிட்டால் போங்கள்" என்று முழுதாக டைப் செய்துவிட்டேன். அனுப்பவில்லை. போனை அக்காவிடம் கொடுத்து, நாளைக்குக் காலையில் தா என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.

முத்து பீவி அம்மாவிடம் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அது என்னுடையது இல்லை. புத்தகத்தை நிறுத்துவதாக இருந்தாலும் மற்ற திருத்தங்கள் எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட மனமில்லை, அறுபத்திரண்டையும் பார்த்துச் சரிசெய்து இத்துடன் அனுப்புகிறேன்.

அறுபத்திரண்டு என்பதைக் கவனித்திருப்பீர்கள். நாற்பத்தொன்றாம் வட்டத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபத்திரண்டாம் பக்கத்தில் பிள்ளை ஓடக்கூடாது, கஞ்சியோடு நடக்கத்தான் வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அவள் இருபத்தொரு பக்கம் பொறுமையாக நடந்துவிட்டாள் லாத்தா. கடைசி வீடு கண்ணில் பட்டால் எந்தப் பிள்ளையும் ஓடும். கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். சிந்தட்டும். இதுவரை தப்பு என்று சொன்ன இடத்தில் ஓடிப்போவேன், இல்லையென்றால் காலில் விழுந்து மாற்றிக் கொடுப்பேன். நின்று பதில் சொல்வது இதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் நடந்தது. நேற்று இருபதாம் தேதி. டேவிட்சன் மாடிக்கு வந்து, "என்னலே முடிவு பண்ணிருக்க? ஆபீஸ்ல கேக்காவ" என்றான். புத்தகம் வருமா வராதா என்று தெரியாது. கையில் வேறு வேலையும் இல்லை. இருந்தும் "வேண்டாம் மச்சான்" என்று சொல்லிவிட்டேன். அவன் எனக்காக நாலு பேரிடம் கெஞ்சி வாங்கிய இடம் அது. என் வாழ்க்கையில் நான் ஓடாமல் ஒருவருக்கு முகத்துக்கு நேரே சொன்ன முதல் 'வேண்டாம்' அதுதான். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடைந்துபோவான், இனி என்னோடு பேசமாட்டான் என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்தினான். அப்புறம், "கிறுக்குப் பய நீ. சரி, சட்டையப் போடு, டீ குடிச்சிட்டு வருவோம்" என்றான். கடையில் பன்னும் வாங்கிக் கொடுத்தான். வேண்டாம் என்ற பிறகும் மனிதர்கள் டீ குடிக்கக் கூப்பிடுவார்கள் என்பது முப்பது வயதில் எனக்குத் தெரியவந்திருக்கிறது, சிரிக்காதீர்கள்.

முத்து பீவி அம்மா என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கள். மென்மையாக்க வேண்டாம்.

அமலன்


காயல்பட்டினம்
24.02.2025

அமலன் தம்பிக்கு,

சிரிக்கவில்லை.

நேற்று மாலை எல்லோர் முன்னாலும் உங்கள் கடிதத்தை வாசித்தேன். இந்த முறை முழுவதும். நாற்பத்தொன்றில் பெண்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். நடக்கட்டும் என்று ஐந்து பேர், ஓடட்டும் என்று எட்டுப் பேர். பிள்ளை ஓடுகிறாள், மாற்ற வேண்டாம்.

முத்து பீவி அந்தக் கணக்கில் சேரவில்லை. கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போதுதான் வாயைத் திறந்தாள். அப்படியே எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் குடுக்கல்லே, அவரா எடுத்துக்கிட்டாரு. பொய் சொல்லியிருந்தா இதோட போயிருக்கும். சொல்லல்லே. பத்தொன்பதாம் பக்கம் வெறுமையாப் போகக்கூடாது, அது எங்க வீட்டு வாசல். நான் சொல்றதை எழுது."

எழுதிக்கொண்டேன். படி மூன்று. நடுப்படியில் ஒரு மூலை உடைந்திருக்கும். கூடை வேண்டாம், சீப்பு வேண்டாம். படியில் அவள் உட்கார்ந்திருப்பாள், தலையில் வெள்ளைத் துணி, மூக்குக் கண்ணாடி. கஞ்சிப் பிள்ளை அவளைக் கடந்து போகிறாள். முகத்தை எப்படிப் போட என்று நான் கேட்டேன், கொஞ்சம் சிரித்தாற்போல் போடச் சொல்லட்டுமா என்றேன். புத்தகம் பிள்ளைகளுக்கானது இல்லையா?

அவள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"சிரிக்கிற மாதிரி போட வேணாம். எனக்கு அவர் மேல இன்னும் கோபம் போகல்லே. கோபமாத்தான் இருக்கேன், ஆனா அங்கனயேதான் உட்கார்ந்திருக்கேன். அப்படியே போடச் சொல்லு."

இருபத்தேழாம் தேதிக்குள் பக்கம் என் கைக்கு வந்துவிட வேண்டும்.

ருஷ்தா லாத்தா